பேக்கப் இருக்கிறது சரி... திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, “பேக்கப் எடுத்து வையுங்கள்” என்பதுதான். இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிப்பவர்களில் பலர் எடுத்தும் வைத்திருப்பீர்கள். சரி, எடுத்த பேக்கப்பை ஒரு முறையாவது திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா? இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. என்னிடமும் இல்லை, சென்ற வருடம் என் மைத்துனர் வீட்டு லேப்டாப் படுத்துக் கொள்ளும் வரை.

மைத்துனர் ஒழுங்கானவர். ஸ்கூட்டருக்குக் குறித்த தேதியில் ஆயில் மாற்றுகிற ரகம். லேப்டாப் வாங்கிய வாரமே ஒரு பென் டிரைவில் ரிகவரி டிரைவ் தயாரித்து மேஜை டிராயரில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இரவு ஆனால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி சிஸ்டம் இமேஜ் எடுத்துவிட்டுத்தான் படுப்பார். ஒரு வியாழக்கிழமை மாலை விண்டோஸ் அப்டேட் ஓடிக் கொண்டிருந்தது. சதவீதம் நகரவில்லையே என்று பையன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டான். அதன் பிறகு கம்பெனி லோகோ வரும், கீழே புள்ளிகள் சுற்றும், அவ்வளவுதான். மகளின் இறுதியாண்டு பிராஜெக்ட் அதற்குள் இருந்தது. சனிக்கிழமை கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

“பேக்கப் எல்லாம் இருக்கு அத்தான், ஆனா ஒண்ணும் உள்ளே போக மாட்டேங்குது” என்று போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன்.

முதலில் பென் டிரைவ். அதில் ரிகவரி டிரைவ் இல்லை, இரண்டு சினிமா படங்கள்தான் இருந்தன. டிராயரில் சும்மா கிடக்கிறதே என்று பையன் எப்போதோ அதை ஃபார்மட் செய்திருக்கிறான். என் கம்ப்யூட்டரில் இன்னொன்று தயாரித்து எடுத்துப் போனேன். அதில் பூட் செய்து சிஸ்டம் இமேஜ் ரிகவரி பகுதிக்குப் போனால், இந்தக் கம்ப்யூட்டரில் சிஸ்டம் இமேஜ் எதுவும் இல்லை என்று செய்தி வந்தது. ஹார்ட் டிஸ்க்கிலோ ஏழு வாரத்து இமேஜ்கள் வரிசையாக இருக்கின்றன! வாரா வாரம் பழையது அழிந்துவிடக் கூடாது என்று ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராக மாற்றி வைத்திருந்தார் மனிதர். விண்டோஸ் தேடுவது “விண்டோஸ்இமேஜ்பேக்கப்” என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக எழுதிய ஃபோல்டரை மட்டும்தான். அதுவும் டிஸ்க்கைத் திறந்தவுடன் முதலிலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும், வேறு ஃபோல்டருக்குள் இருக்கக் கூடாது. பெயரைப் பழையபடி மாற்றியதும் இமேஜ் தெரிந்தது.

ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. திங்கள் முதல் வியாழன் வரை மகள் செய்த வேலை லேப்டாப்பில் மட்டும் இருந்தது. இமேஜைப் போட்டால் அது அழிந்து போகும். முதலில் அந்த நான்கு நாள் வேலையை வெளியே எடுக்கலாம் என்று கமாண்ட் பிராம்ப்ட் போனால், 48 இலக்க ரிகவரி கீ கேட்டது. டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது என்பதே மைத்துனருக்கு அப்போதுதான் தெரியும். அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அந்தக் கீ இல்லை. லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்து கொடுத்த கடைக்காரத் தம்பி தன்னுடைய மெயில் முகவரியைப் போட்டு செட்டப் செய்திருந்தார். அந்தத் தம்பியை வெள்ளிக்கிழமை பிடித்தோம். வாடிக்கையாளர்களுக்கென்றே மூன்று முகவரிகள் வைத்திருந்தார். இரண்டாவதில் கீ இருந்தது. அன்று இரவு பதினொன்றரைக்கு பிராஜெக்ட் மகள் கைக்கு வந்தது.

பேக்கப் எடுத்ததில் அவர் ஒரு நாளும் தவறவில்லை. நாங்கள் மாட்டிக் கொண்ட மூன்று இடங்களும் ஒரு சாவகாசமான ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

பெரிய இடங்களிலும் இதே கதை

இது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மட்டும் நடப்பதல்ல. புரோகிராம்களின் சோர்ஸ் கோடை வைத்துப் பாதுகாக்கும் கிட்லேப் என்ற இணையதளத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, முக்கியமான டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்புக்கென்று ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட நம்பி எடுக்கும்படி இல்லை. தினசரி பேக்கப் சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாமல் பல நாட்களாகத் தோற்றுக் கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த பிரதிதான் கை கொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தகவல்கள் போனது போனதுதான்.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் அழிந்தபோதும் பேக்கப் சரியாக வேலை செய்யாமல் இருந்தது தெரிய வந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை வைத்துத்தான் மீட்டார்கள்.

விண்டோஸ் தரும் ரிகவரி வசதியே பழுதான சமயங்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பின், விண்டோஸ் 10-லும் விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் ‘ரீசெட் திஸ் பிசி’ பாதியில் நின்றது. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட் இன்னும் வேடிக்கை. ரிகவரி திரைக்குள் போனால் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. திரையில் எல்லா வழியும் எழுதியிருக்கும், எதையும் தேர்ந்தெடுக்க முடியாது! மைக்ரோசாஃப்ட் ஆறு நாளில் அக்டோபர் 20 அன்று தனியாக ஒரு அப்டேட் கொடுத்து சரி செய்தது. விண்டோஸ் நன்றாக ஓடும் வரை இந்தப் பழுது நம் கண்ணில் படவே படாது என்பதைக் கவனியுங்கள்.

எது எதற்கு?

புதியவர்கள் குழம்பும் இடம் இது என்பதால் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ரிகவரி டிரைவ் என்பது கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பவும் விண்டோஸை மட்டும் புதிதாகப் போடவும் பயன்படும் பென் டிரைவ். உங்கள் போட்டோக்கள், பின்னால் நீங்கள் போட்ட புரோகிராம்கள் இவையெல்லாம் அதில் இருக்காது. 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் போதும். தயாரிக்கும்போது அதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும்.

சிஸ்டம் இமேஜ் என்பது சி டிரைவ் முழுவதையும், விண்டோஸ், புரோகிராம்கள், உங்கள் ஃபைல்கள் எல்லாம் சேர்த்து, அன்றைய நிலையில் அப்படியே எடுக்கும் பிரதி. இதற்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும். பென் டிரைவில் எடுக்க விண்டோஸ் விடாது. கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பெயரில் இந்த வசதி இன்னமும் இருக்கிறது. இதை மேம்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் 2017-லேயே நிறுத்திவிட்டது. குளோன்ஸில்லா, வீம் ஏஜென்ட் போன்ற இலவச சாஃப்ட்வேர்களும் உள்ளன. எதைப் பயன்படுத்தினாலும் கீழே சொல்லும் ஒத்திகை பொருந்தும். ரீஸ்டோர் பாயிண்ட் என்று ஒன்று உண்டே என்பீர்கள். அது அதே டிஸ்க்குக்குள் இருப்பது. டிஸ்க் போனால் அதுவும் போய்விடும்.

முதலில் கீ, பிறகுதான் ஒத்திகை

ஒத்திகையை ஆரம்பிக்கும் முன்பே ரிகவரி கீ கையில் இருக்க வேண்டும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். ஆன் என்று இருந்தால் உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து செட்டப் செய்யும் பெரும்பாலான புதிய கம்ப்யூட்டர்களில், ஹோம் எடிஷன் உள்பட, இது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. லேப்டாப் திருடு போனால் உங்கள் ஃபைல்களை யாரும் படிக்க முடியாது என்பதால் நல்ல வசதிதான். ஆனால் கீ இல்லை என்றால் நீங்களும் படிக்க முடியாது.

பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள் போய், டிவைசஸ் பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தால் ரிகவரி கீயைக் காணலாம். பூட்டிய திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும். அதன் முதல் எட்டு எழுத்துகளும் அக்கவுண்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அதுதான் சரியான கீ. 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே டெக்ஸ்ட் ஃபைலாக வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போல.

உங்கள் அக்கவுண்டில் கீ இல்லையா? கடைக்காரர் அக்கவுண்டில் இருக்கலாம். அவரைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சைன் இன் செய்து, டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். முழுதும் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். முடிந்ததும் மறுபடி ஆன் செய்தால் புதிய கீ உருவாகி உங்கள் அக்கவுண்டில் ஏறும். ஏறியதா என்று பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. அவற்றை எழுப்பப் போனவர்களில் ஏராளமானோர் முதலில் தேடி அலைந்தது இந்தக் கீயைத்தான்.

அரை மணி நேர ஒத்திகை

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி வழியாகவும் பென் டிரைவில் பூட் செய்யலாம். ஆனால் ஒத்திகையை அப்படிச் செய்யாதீர்கள். நிஜமாகவே பிரச்னை வரும் நாளில் விண்டோஸ் இருக்காதே! பென் டிரைவைச் செருகி, ரீஸ்டார்ட் கொடுத்து, லோகோ தெரியும்போது பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவா கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டும். ஷட் டவுன் கொடுத்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் ஆகாது.

மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால், கீபோர்டு எந்த மொழிக்கானது என்று கேட்கும் நீலத் திரை வரும். வந்துவிட்டால் பாதி வெற்றி. இங்கே மவுஸ் நகர்கிறதா, அம்புக்குறி கீகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஒயர்லெஸ் கீபோர்டு வைத்திருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். புளூடூத் கீபோர்டு இங்கே வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். ஒயர் உள்ள பழைய கீபோர்டு ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

அடுத்த திரையில் ஒரு எச்சரிக்கை. ‘ரிகவர் ஃப்ரம் எ டிரைவ்’ என்பதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் வேலை அது. நாம் போக வேண்டியது டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதில் சிஸ்டம் இமேஜ் ரிகவரி தெரியாவிட்டால், கீழே ‘சீ மோர் ரிகவரி ஆப்ஷன்ஸ்’ என்பதில் இருக்கும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் எடுத்த இமேஜ், தேதி, நேரத்தோடு திரையில் தெரிய வேண்டும். தேதியைப் படியுங்கள். வாரா வாரம் எடுப்பதாக நினைத்துக் கொண்டிருந்து, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு. பார்த்தாயிற்று அல்லவா, கேன்சல் செய்து வெளியே வாருங்கள். நெக்ஸ்ட் மேல் நெக்ஸ்ட் தட்டிக் கொண்டு போகக் கூடாது.

அப்படியே கமாண்ட் பிராம்ப்ட்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். என்கிரிப்ட் ஆன டிஸ்க் என்றால் கீ கேட்கும். எழுதி வைத்த 48 இலக்கங்களைத் தாளைப் பார்த்தே டைப் செய்யுங்கள். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால் இப்போது தெரிந்துவிடும். உள்ளே போனதும் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என மாற்றினால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும். ரைட் கிளிக் செய்து காப்பி, இன்னொரு டிரைவில் பேஸ்ட். மைத்துனர் மகளின் பிராஜெக்ட்டை வெளியே எடுத்தது இந்தச் சின்ன வழியில்தான். இங்கே சி டிரைவ் என்பது டி என்றோ இ என்றோ எழுத்து மாறித் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

இமேஜுக்குள் ஃபைல் இருக்கிறதா?

இமேஜ் தெரிகிறது என்பதற்காக அதற்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வழக்கம்போல விண்டோஸுக்குள் வந்து, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இமேஜ் ஃபோல்டரைத் திறந்து உள்ளே போங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள். கடைசி ஃபோல்டரில் விஎச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். அதை டபுள் கிளிக் செய்ய வேண்டாம். அப்படித் திறந்தால் விண்டோஸ் அதில் எழுதவும் செய்யும், இமேஜ் கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆக்ஷன் மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் டிக் செய்து திறங்கள். புதிய டிரைவ் ஒன்று வரும். அதில் உங்கள் போட்டோ நாலைந்து, ஒரு வீடியோ, ஒரு கணக்கு ஃபைல் என்று திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்ப்பது நல்லது. முடிந்ததும் அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து டிடாச் செய்துவிடுங்கள்.

இப்படித் திறந்து பார்க்கும்போது ஒன்று புரிந்திருக்கும். கம்ப்யூட்டர் பூட்டியிருந்தாலும் விண்டோஸ் எடுக்கும் இமேஜ் பூட்டாமல்தான் இருக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க் கைக்குக் கிடைத்தால் யாரும் படிக்கலாம். கண்ட இடத்தில் வைக்காதீர்கள்.

முழு ஒத்திகை

மேலே சொன்னதெல்லாம் செய்தும் மனம் ஆறவில்லை என்றால், நிஜமாகவே ரீஸ்டோர் செய்து பார்ப்பதுதான் வழி. ஆனால் இப்போது ஓடிக் கொண்டிருக்கும் டிஸ்க்கில் செய்து பார்க்கக் கூடாது. பாதியில் தோற்றால் இருப்பதும் போய்விடும். டிஸ்க்கைக் கழற்ற முடிகிற கம்ப்யூட்டர் என்றால், அதே கொள்ளளவோ அதைவிடப் பெரியதோ ஆன வேறொரு எஸ்.எஸ்.டி.யை மாட்டுங்கள். சிறியதில் விண்டோஸ் இமேஜ் ஏறாது. ஒரிஜினல் டிஸ்க் மேஜை டிராயரில் பத்திரமாகத் தூங்கட்டும். பென் டிரைவில் பூட் செய்து, இமேஜை இதில் ரீஸ்டோர் செய்து, விண்டோஸ் வருகிறதா என்று பாருங்கள். கரன்ட் போனால் காரியம் கெடும், டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். அவசியம்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். 120 ஜிபி டேட்டா, ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி கொடுக்கிறது என்று வைத்தால் கணக்குப்படி 20 நிமிடம். நடைமுறையில் அதைவிடக் கூடும். பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் மாட்டினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ரீஸ்டோர் ஆன விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆஃப் ஆகியிருக்கும் என்பதால், அந்த டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால் மறுபடி ஆன் செய்யுங்கள். புதிய கீ வரும், தாளையும் மாற்றி எழுத வேண்டும். டிஸ்க்கைக் கழற்ற முடியாத லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தை விட்டுவிடலாம். முந்தைய இரண்டும் போதும்.

ரிகவரி டிரைவை வருடத்துக்கு ஒரு முறையாவது புதிதாகத் தயாரிக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். அரை மணி நேர ஒத்திகையை நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும், விண்டோஸின் பெரிய அப்டேட் ஏதாவது வந்தால் அந்த வாரக் கடைசியிலும் செய்கிறேன். மைத்துனர் வீட்டில் இப்போது பென் டிரைவின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, கீ எழுதிய தாளோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். இடம், பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில். பையன் கைக்கு எட்டாது.